33 வயசுல டிஸ்க் காஞ்சு போச்சுன்னு எம்ஆர்ஐ ரிப்போர்ட், வலிக்குக் காரணம் அதேதானா?

தேன்சிட்டு33

எல்லாருக்கும் வணக்கம், கொஞ்சம் நீளமா எழுதுறேன் பொறுத்துக்கங்க. சில மாசமாவே கீழ் முதுகுல வலி. காலைல எந்திரிச்சதும் குனிஞ்சு முகம் கழுவ முடியல, கொஞ்சம் நடமாடினா சரியாகுது, ஆனா உக்காந்தே வேலை பாத்தா சாயங்காலத்துக்குள்ள மறுபடி ஆரம்பிச்சிடுது. காலுக்கு இறங்கல, மரத்துப் போறதும் இல்ல. இப்ப எம்ஆர்ஐ எடுத்தாச்சு, அதுல எல்4-எல்5 (கீழ் முதுகு முள்ளெலும்புங்க) நடுவுல டிஸ்க் டெசிகேஷன், அதாவது காஞ்சு போனது, டிஃப்யூஸ் பல்ஜ், அதாவது சுத்தியும் பிதுங்கல், அதுக்குக் கீழ எல்5-எஸ்1ல ஆனுலர் ஃபிஷர், அதாவது வெளி வளையத்துல வெடிப்பு, மோடிக் டைப் 1 சேஞ்ச், அதாவது ஒட்டியிருக்குற எலும்புல மாற்றம், கடைசில இம்ப்ரெஷன்னு போட்டு டீஜெனரேட்டிவ் டிஸ்க் டிசீஸ். டாக்டர் அதைப் பாத்துட்டு தேய்மானம்தான்மா, வெயிட் தூக்காதீங்க குனியாதீங்கன்னு சொல்லி மாத்திரை எழுதிக் குடுத்தாரு, அவ்வளவுதான்.

ராத்திரி பூரா இதே யோசனையா இருக்கு. இந்த வயசுல எப்படித் தேயும்? காஞ்சு போன டிஸ்க்ல மறுபடி தண்ணி ஏறுமா, நிறைய தண்ணி குடிச்சா ஏறிடும்னு வீட்ல சொல்றாங்க. இன்னொரு பக்கம் டிஸ்க்ல ரத்தக்குழாயும் கிடையாது நரம்பும் பெருசா கிடையாதுன்னு படிச்சேன், அப்ப வலி எங்கேருந்து வருது? ரெண்டு வயசுப் பையன் இருக்கான், அவனைத் தூக்காம எப்படி இருக்குறது? பயமுறுத்தவும் வேணாம், மழுப்பவும் வேணாம், உள்ள என்னதான் நடக்குதுன்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பிசியோ_முகில்

தேன்சிட்டு, காலுக்கு இறங்கல, மரத்துப் போகலன்னு நீங்களே எழுதிட்டீங்க, அது பெரிய விஷயம், அதை மனசுல வச்சுக்கிட்டே மிச்சத்தைப் படிங்க.

உங்க ரிப்போர்ட்ல இருக்குற வார்த்தைங்க எல்லாம் பாக்க பயங்கரமா இருக்கும். ஆனா முதுகுவலியே இல்லாத ஆளுங்களைக் கூட்டிட்டு வந்து ஸ்கேன் பண்ணா என்ன தெரியும்னு பல வருஷமா பாத்துக்கிட்டுதான் இருக்காங்க. 1994ல ஒரு ஆராய்ச்சி, வலி இல்லாத 98 பேர், அதுல பாதிப் பேருக்கு மேல ஒரு டிஸ்க்லயாவது பல்ஜ் இருந்துச்சு. அதுக்கப்புறம் 2015ல இந்த மாதிரி 33 ஆராய்ச்சிய ஒண்ணா சேத்துப் பாத்தாங்க, மொத்தம் 3110 பேர், யாருக்கும் வலி கிடையாது. 30 வயசுக்காரங்கள்ல 52% பேருக்கு டிஸ்க் தேய்மானம், 40% பேருக்கு பல்ஜ். 50 வயசுல தேய்மானம் 80%, பல்ஜ் 60%. 80 வயசுல தேய்மானம் 96%, அதாவது கிட்டத்தட்ட எல்லாருக்குமே. இவங்க எல்லாரும் சாதாரணமா நடந்துக்கிட்டு வேலை செஞ்சுக்கிட்டு இருந்தவங்க.

அதனால 33 வயசுல எப்படித் தேயும்னு கேட்டா, உங்க வயசுல பாதிப் பேருக்குத் தேஞ்சுதான் இருக்கு, அவங்க யாரும் ஸ்கேன் எடுக்கல, அதனால தெரியல. எங்கிட்ட வர்றவங்கள்ல நிறைய பேருக்கு வலிய விட இந்த ரிப்போர்ட்தான் அதிகமா கெடுதல் பண்ணுது, குனிய பயம், உக்கார பயம், புள்ளைய தூக்க பயம், அந்த பயத்துல உடம்பை மரக்கட்டை மாதிரி வச்சுக்கிட்டு தசையெல்லாம் இறுகிப் போயி வலி இன்னும் கூடுது. தினம் பாக்குறேன், மனசு கஷ்டமா இருக்கு.

காலைல குனிய முடியலன்னு சொன்னீங்கள்ல, அதுக்கு டிஸ்க்கோட வேலைய வச்சே காரணம் சொல்லலாம், ஆனா அதை நம்ம குருத்தெலும்புங்கிற பேர்ல எழுதுறவங்க வந்து சொன்னாதான் சரியா இருக்கும். இங்க வருவாங்கன்னு நெனைக்கிறேன்.

குருத்தெலும்பு

வந்துட்டேன் முகில். லேப்ல டிஸ்க் செல்லுங்களை வளத்துப் பாக்குறதுதான் என் வேலை, நான் டாக்டர் கிடையாது, அதனால மருந்து சிகிச்சைய உங்க டாக்டர்கிட்டயே பேசிக்கங்க, உள்ள நடக்குறத மட்டும் சொல்றேன்.

டிஸ்க்குன்னா ரெண்டு முள்ளெலும்புக்கு நடுவுல இருக்குற மெத்துனு ஒரு பொருள்னு மட்டும் நெனச்சுக்காதீங்க, அது உயிரோட இருக்குற திசு. நடுவுல நியூக்ளியஸ், கூழ் மாதிரி இருக்கும். அதைச் சுத்தி ஆனுலஸ், கொலாஜன் நாரால ஆன 15லேருந்து 25 அடுக்கு. ஒரு அடுக்குல நாரெல்லாம் ஒரு பக்கமா சாஞ்சிருந்தா அடுத்த அடுக்குல எதிர்ப்பக்கமா சாஞ்சிருக்கும், சைக்கிள் டயருக்குள்ள நூல் குறுக்க குறுக்க ஓடுற மாதிரி. மேலயும் கீழயும் எலும்பை ஒட்டி மெல்லிசா ஒரு குருத்தெலும்புத் தகடு, அதுக்குப் பேரு எண்ட்ப்ளேட். இந்த எண்ட்ப்ளேட்டை மறந்துடாதீங்க, பின்னாடி வலியைப் பத்திப் பேசும்போது வரும்.

நியூக்ளியஸ்ல சின்ன வயசுல 80%க்கு மேல தண்ணிதான். அந்தத் தண்ணி சும்மா தேங்கி நிக்கல, அக்ரிகன்னு ஒரு பெரிய மூலக்கூறு அதை இழுத்துப் புடிச்சு வச்சிருக்கு. அக்ரிகன்ல ஒரு புரதத் தண்டு, அதுலேருந்து சர்க்கரைச் சங்கிலிங்க நிறைய நீட்டிக்கிட்டு நிக்கும், அதெல்லாம் நெகட்டிவ் சார்ஜ். நெகட்டிவ் இருக்குற இடத்துக்கு சோடியம் அயனிங்க வந்து சேரும், சோடியம் சேந்தா பின்னாடியே தண்ணி வரும். இப்படி உள்ள வர்ற தண்ணியோட அழுத்தம்தான் உங்க உடம்பு பாரத்தைத் தாங்குது. பகல் பூரா நின்னு உக்காந்து இருக்கும்போது பாரம் தண்ணிய கொஞ்சம் கொஞ்சமா பிழிஞ்சு வெளிய தள்ளும், ராத்திரி படுத்ததும் அக்ரிகன் அதைத் திரும்ப இழுத்துக்கும். இதனாலதான் காலைல நாம சாயங்காலத்தை விட கிட்டத்தட்ட 1% உயரமா இருக்கோம், ஒன்றரை ரெண்டு சென்டிமீட்டர் வரும்.

காலைல டிஸ்க் தண்ணி ஏறி விம்மி இருக்கும், அந்த நேரத்துல குனிஞ்சா ஆனுலஸ் மேல விழுற இழுவை சாயங்காலத்தை விட ரொம்ப அதிகம். 1998ல ஒரு ஆராய்ச்சில முதுகுவலி நாள்பட இருந்தவங்களை காலைல எந்திரிச்ச முதல் சில மணி நேரம் குனியுறதை மட்டும் தவிர்க்கச் சொன்னாங்க, வலி குறைஞ்சுது. முகம் கழுவ குனிய முடியலன்னு நீங்க சொன்னதுக்கு இது ஒரு காரணமா இருக்கலாம்.

இப்ப எப்படித் தேயுதுங்கிறதுக்கு வர்றேன். உடம்புலயே ரத்தக்குழாய் இல்லாத திசுக்கள்ல பெருசு டிஸ்க்தான். பொறந்த குழந்தைக்கு எண்ட்ப்ளேட்ல ரத்தக்குழாய் இருக்கும், வளர வளர அது மறைஞ்சுடும். அப்புறம் நடுவுல இருக்குற செல்லுக்கு சாப்பாடு வரணும்னா பக்கத்து எலும்புல இருக்குற ரத்தக்குழாய்லேருந்து எண்ட்ப்ளேட் வழியா கசிஞ்சு கசிஞ்சுதான் வரணும், சில செல்லுக்கு அந்த தூரம் 6லேருந்து 8 மில்லிமீட்டர் வரைக்கும் போகும், ஒரு செல்லோட அளவுக்கு அது பெரும் பயணம். அங்க ஆக்சிஜன் ரொம்பக் கம்மி, அதனால செல் குளுக்கோஸை எரிச்சு லாக்டிக் ஆசிடா விடுது, அந்த ஆசிடும் அதே வழியா மெதுவாதான் வெளிய போகணும், தேங்கிப் போனா இடமே அமிலமாகிடும். ஆக்சிஜன் இல்லாம கூட இந்த செல்லுங்க தாக்குப் புடிக்குதுங்க, குளுக்கோஸ் ஒரு அளவுக்குக் கீழ போனா செத்துடுதுங்க. இவ்வளவு கஷ்டமான இடம்ங்கிறதால செல்லோட எண்ணிக்கையே கம்மி, டிஸ்க்கோட மொத்த கன அளவுல சுமார் 1%தான் செல்லு, மிச்சமெல்லாம் அது கட்டி வச்ச பொருள். அந்த ஒரு சதவீதம்தான் மொத்த டிஸ்க்கையும் பராமரிக்கணும்.

அதுமட்டும் இல்ல, கருவுல டிஸ்க்கை உருவாக்குன நோட்டோகார்ட் செல்லுங்கன்னு ஒரு வகை உண்டு, மனுஷங்களுக்கு அதெல்லாம் கிட்டத்தட்ட 10 வயசுக்குள்ளயே காணாமப் போயிடுது. பிரேதப் பரிசோதனைல எடுத்த டிஸ்க்குங்களை மைக்ரோஸ்கோப்ல பாத்தப்ப தேய்மானத்தோட முதல் அடையாளங்க பதின்வயசுலயே தெரிஞ்சுது. அதனால 33ங்கிறது இதுக்கு சின்ன வயசே கிடையாது.

செல்லு சோர்ந்து போனா, வயசாயி பிரியுறதை நிறுத்திக்கிட்டா, அது கட்டுறத விட வெட்டுறது அதிகமாகிடும். இன்டர்லூகின்-1 பீட்டா, டிஎன்எஃப் ஆல்ஃபான்னு அழற்சி சிக்னல்ங்க கூடும், அதுங்க சொல்லி எம்எம்பி, அடாம்டிஎஸ்-4, அடாம்டிஎஸ்-5ன்னு நொதிங்க வந்து அக்ரிகனைத் துண்டு துண்டா நறுக்கும். அக்ரிகன் போச்சுன்னா தண்ணியைப் புடிச்சு வைக்க ஆளில்ல. எம்ஆர்ஐல கறுப்பா தெரியுதே, டெசிகேஷன்னு எழுதியிருக்காங்களே, அது இதுதான். இதனாலதான் நிறைய தண்ணி குடிச்சா ஏறிடும்ங்கிறது சரி வராது. தண்ணி உடம்புல தாராளமா இருக்கு, அதைப் புடிச்சு வைக்கிற பொருள்தான் குறைஞ்சு போச்சு. அக்ரிகன் புதுசா மாறுறதும் ரொம்ப மெதுவு, நல்ல டிஸ்க்லயே அதோட அரை ஆயுள் சுமார் 12 வருஷம்னு கணக்குப் பண்ணியிருக்காங்க. கொலாஜன் அதை விடவும் மெதுவு.

வலி எங்கேருந்து வருதுன்னு கேட்டீங்க. நல்லா இருக்குற டிஸ்க்ல நரம்பு ஆனுலஸோட வெளிப்பக்கம் மூணுல ஒரு பங்குலதான் இருக்கும், உள்ள கிடையாது. அக்ரிகனே நரம்பு வளர்றதைத் தடுக்குதுன்னு லேப்ல காட்டியிருக்காங்க. அது குறைஞ்சதும் காவல் போச்சு, ஆனுலஸ்ல வெடிப்பு விழுந்ததும் வழி கிடைச்சுது, செல்லுங்க நரம்பு வளர்ச்சிக் காரணின்னு என்ஜிஎஃப் சுரக்க ஆரம்பிச்சதும் நரம்பு அந்த வெடிப்பு வழியா புது ரத்தக்குழாய் கூடவே உள்ள வளந்து வருது. 1997ல வலியுள்ளவங்ககிட்டேருந்து எடுத்த டிஸ்க்குகள்ல இப்படி நியூக்ளியஸ் வரைக்கும் நரம்பு போயிருந்ததைக் காட்டினாங்க, அதுவும் வலி சிக்னல் அனுப்புற சப்ஸ்டன்ஸ் பி உள்ள நரம்பு. அங்க ஏற்கெனவே ஆசிடும் அழற்சிப் பொருளும் கிடக்குது, அதுல போய் நரம்பு நின்னா சாதாரண பாரமே வலியா தெரியும். ஒருத்தர் டிஸ்க்ல இப்படி நரம்பு வளர்றதும் இன்னொருத்தர் டிஸ்க்ல சும்மா காஞ்சு மட்டும் போறதும் எம்ஆர்ஐல ஒரே மாதிரிதான் தெரியும். ரெண்டு பேர் படமும் ஒண்ணா இருந்து ஒருத்தருக்கு மட்டும் வலிக்குதுன்னா அதுக்கு இது ஒரு முக்கியமான காரணம்.

முகில் சொன்னதுல ஒண்ணு மட்டும் சேத்துக்கறேன். அதே 2015ல அதே குழு இன்னொரு கணக்கும் போட்டாங்க, 50 வயசுக்கு உட்பட்டவங்களை மட்டும் எடுத்து வலி உள்ளவங்களையும் இல்லாதவங்களையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தா தேய்மானம், பெருசா பிதுங்குறது, மோடிக் 1 எல்லாமே வலி உள்ளவங்ககிட்ட கூடுதலா இருந்துச்சு. அதனால ஸ்கேன்ல தெரியுறதுக்கு அர்த்தமே கிடையாதுன்னு ஒதுக்கிடவும் முடியாது.

நெடுஞ்சாலை

நல்லா விளக்குறீங்க, ஆனா ஒரு விஷயம் எனக்கு ஒத்துவரல. நான் ரொம்ப வருஷமா கனரக வண்டி ஓட்டுறவன், என்கூட ஓட்டுற எல்லாருக்கும் இடுப்புவலி. குலுங்கிக் குலுங்கி டிஸ்க் தேஞ்சு போச்சுன்னு எல்லா டாக்டரும் சொல்லியாச்சு. செல்லு, நொதின்னு பேசிட்டே போனா பாரம் தூக்குறவன் வண்டி ஓட்டுறவன் உழைப்புக்கு ஒரு பொறுப்பும் இல்லன்னு ஆயிடாதா? நாளைக்கு முதலாளி உன் ஜீன் சரியில்லன்னு சொல்லிட்டுப் போயிடுவான்.

குருத்தெலும்பு

அண்ணே, நீங்க கேக்குறது நியாயமான கேள்வி, இதுல நான் ரொம்ப கவனமா பதில் சொல்லணும்.

பின்லாந்துல இரட்டையர்களை வச்சு ரொம்ப வருஷம் ஒரு ஆராய்ச்சி நடத்துனாங்க. ஒரே கருவுல பொறந்த ஒரே மாதிரி இரட்டையர், ஜீன் ஒண்ணுதான், ஆனா ஒருத்தர் வாழ்க்கை பூரா கடினமான உடல் வேலை, இன்னொருத்தர் உக்காந்து செய்யுற வேலை. ஸ்கேன் பண்ணா ரெண்டு பேர் முதுகும் ஆச்சரியமான அளவுக்கு ஒரே மாதிரி, தேஞ்ச டிஸ்க் கூட அதே இடத்துல. 1995ல வந்த கணக்குல உடல் பாரம் விளக்குன பங்கு ரொம்பச் சின்னது, ஒரே குடும்பத்துல பொறந்ததுங்கிறது விளக்குன பங்கு பல மடங்கு பெருசு. 1999ல வேற ஒரு இரட்டையர் ஆராய்ச்சி இடுப்புப் பகுதி டிஸ்க் மாற்றங்கள்ல 74% பரம்பரைன்னு சொல்லுச்சு. உங்க விஷயத்தையே நேரா பாத்த ஆராய்ச்சியும் இருக்கு, 2002ல வந்தது, 45 ஜோடி இரட்டையர், ஒருத்தர் வண்டி ஓட்டுறதே பொழப்பா வச்சவர், இன்னொருத்தர் அப்படி இல்ல, டிஸ்க் தேய்மானத்துல வித்தியாசம் தெரியல.

ஆனா இதை வச்சு உங்க வலி வேலையால வரலன்னு யாராவது சொன்னா அது தப்பு. அங்க அளந்தது டிஸ்க் தேஞ்சிருக்கான்னு, வலிக்குதான்னு இல்ல. உடம்பு முழுக்க குலுங்குற வேலைக்கும் முதுகுவலிக்கும் தொடர்பு இருக்குன்னு தனியா நிறைய ஆதாரம் இருக்கு, பாரம் தூக்குறது குனிஞ்சு திரும்புறதுக்கும் அப்படியே. டிஸ்க் ஒரே மாதிரி தேஞ்ச ரெண்டு பேர்ல மணிக்கணக்கா குலுங்குறவனுக்கு வலி வர வாய்ப்பு கூடுதல். நல்ல சீட், இடைல இறங்கி நடக்க நேரம், இதெல்லாம் நீங்க உரிமையோட கேக்கணும், தேய்மானம் எதனால வந்துச்சுங்கிறது அதுக்குத் தடையே கிடையாது.

இன்னொண்ணு, பரம்பரைன்னா மாத்தவே முடியாதுன்னு அர்த்தம் இல்ல. அதே பின்லாந்துக் குழு ஒருத்தர் சிகரெட் புடிக்கிற, இன்னொருத்தர் புடிக்காத இரட்டையர்களைப் பாத்தாங்க, புடிக்கிறவங்க டிஸ்க்ல தேய்மான மதிப்பெண் சராசரியா 18% கூடுதல். ரத்த ஓட்டமே இல்லாத திசுவுக்கு பக்கத்து எலும்பு வழியா வர்ற கொஞ்ச நஞ்ச சாப்பாட்டையும் அது கெடுக்குதுன்னு ஒரு விளக்கம் சொல்றாங்க.

நெடுஞ்சாலை

சரி தம்பி, தேய்மானம் வேற வலி வேறன்னு பிரிச்சு சொன்னது இப்பதான் கேக்குறேன். சீட் விஷயம் சங்கத்துல பேசணும்னே இருந்தேன், பேசிடறேன். சிகரெட்டைப் பத்தி வீட்லயும் இதேதான் சொல்றாங்க.

இடதுகால்

எனக்கு நடந்தது தேன்சிட்டுக்கு நடந்த மாதிரி இல்ல, ஆனா இந்தப் பக்கத்தைப் படிக்கிற வேற யாருக்காவது உதவும்னு எழுதறேன். எனக்கு எல்5-எஸ்1 டிஸ்க் பிதுங்கி வெளியவே வந்து சயாட்டிக் நரம்பைத் தொட்டுக்கிட்டு நின்னுச்சு, இடது காலு பின்பக்கம் பூரா மின்சாரம் பாயுற மாதிரி, ராத்திரி படுக்க முடியல உக்கார முடியல. ஸ்கேன்ல அந்தத் துண்டு இவ்வளவு பெருசா இருக்கேன்னு பாத்து வாழ்க்கையே முடிஞ்சு போச்சுன்னு நெனச்சேன். ஆனா பெருசா இருந்தா நல்லதுன்னு என் சர்ஜன் சொன்னாரு, அப்ப நம்பல. பெருசா பிதுங்குனது எப்படி நல்லது, குருத்தெலும்பு இதைக் கொஞ்சம் சொல்லுங்களேன். ஆபரேஷன் இல்லாமலே எனக்கு சரியாச்சு, திரும்ப எடுத்த ஸ்கேன்ல அந்தத் துண்டு சுருங்கிப் போயிருந்துச்சு.

குருத்தெலும்பு

உங்க சர்ஜன் சொன்னது சரி. நியூக்ளியஸ் பொருள் பொறந்ததுலேருந்து ரத்தத்தைப் பாக்காம மூடிக் கெடக்குறது, நம்ம நோய் எதிர்ப்பு மண்டலத்துக்கு அது யாருன்னே தெரியாது. ஆனுலஸ் முழுசா கிழிஞ்சு அது வெளிய வந்ததும் வேத்துப் பொருள்னு நெனச்சு சுத்தி ரத்தக்குழாய் வளந்து மேக்ரோஃபேஜ் செல்லுங்க வந்து அதை விழுங்கிச் செரிச்சுடும். ஆரம்பத்துல காலு வலி உயிர் போற மாதிரி இருக்குறதுக்கும் இந்த அழற்சிதான் பெரும் பங்கு, வெறும் அழுத்தம் மட்டும் இல்ல, அதே அழற்சிதான் கடைசில அதைக் கரைச்சும் விடுது. பல ஆராய்ச்சியைச் சேத்து 2015ல பாத்தப்ப முழுசா பிரிஞ்சு வந்த துண்டு 96% பேருக்கும், வெளிய பிதுங்குனது 70% பேருக்கும் தானா சுருங்குச்சு, சும்மா பல்ஜ் ஆனது 13% பேருக்குத்தான். உள்ளயே மூடி இருக்குறதை மேக்ரோஃபேஜால தொட முடியலையே, அதனாலதான் சின்னது அப்படியே நிக்குது, பெருசு கரைஞ்சு போகுது.

ஆபரேஷனைப் பத்தி 2007ல நெதர்லாந்துல ஒரு ஆராய்ச்சி, சயாட்டிகா, அதாவது உங்களுக்கு வந்த மாதிரி காலுக்கு இறங்குற நரம்பு வலி, உள்ள 283 பேர். சீக்கிரமா ஆபரேஷன் பண்ணவங்களுக்கு காலு வலி சீக்கிரம் குறைஞ்சுது, ஆனா ஒரு வருஷம் கழிச்சுப் பாத்தா காத்திருந்தவங்களும் அவங்களும் கிட்டத்தட்ட ஒரே நிலைல. காத்திருந்தவங்கள்ல சில பேருக்கு கடைசில ஆபரேஷன் தேவைப்பட்டுச்சுங்கிறதையும் சொல்லணும். தாங்க முடியாத வலியோட இருக்குறவங்களுக்கு சீக்கிரம் குறையுறதே பெரிய விஷயம், அது அவங்கவங்க முடிவு.

தேன்சிட்டு33

எல்லாருக்கும் ரொம்ப ரொம்ப நன்றி, படிச்சு முடிச்சதும் இவ்வளவு நாள் இருந்த பாரம் கொஞ்சம் இறங்கின மாதிரி இருக்கு. ஆனா குருத்தெலும்பு, எண்ட்ப்ளேட்டை மறந்துடாதீங்கன்னு சொல்லிட்டு வலியோட அதைச் சேத்து சொல்லவே இல்லையே. என் ரிப்போர்ட்ல மோடிக் 1 இருக்கு, அது வலி உள்ளவங்ககிட்ட கூடுதல்னும் சொல்லிட்டீங்க, அதுதான் இப்ப உறுத்துது. ஒரு இடத்துல மோடிக்கு ஆன்டிபயாடிக் குடுக்குறாங்கன்னு வேற படிச்சேன். அப்புறம் ஸ்டெம் செல் ஊசி போட்டா டிஸ்க் புதுசாயிடும்னு விளம்பரம் விளம்பரமா வருது, அது நிஜமா?

குருத்தெலும்பு

ஆமா, விட்டுட்டுப் போயிட்டேன், இப்ப சொல்றேன்.

மோடிக்ங்கிறது 1988ல இதை வகைப்படுத்தின ரேடியாலஜிஸ்ட்டோட பேரு. இது டிஸ்க்ல இல்ல, டிஸ்க்கை ஒட்டி இருக்குற எலும்பு மஜ்ஜைல தெரியுற மாற்றம். டைப் 1னா அங்க வீக்கம், அழற்சி. டைப் 2னா மஜ்ஜை கொழுப்பா மாறியிருக்கு. டைப் 3 எலும்பு இறுகிப் போனது. எண்ட்ப்ளேட் சேதமானா டிஸ்க்குக்குள்ள இருக்குற அழற்சிப் பொருள் மஜ்ஜைக்குள்ள கசியுது, அங்க பேசிவெர்டிப்ரல்னு ஒரு நரம்பு முள்ளெலும்புக்குள்ளயே ஓடுது, சேதமான எண்ட்ப்ளேட்கிட்ட அந்த நரம்போட கிளைங்க அடர்த்தியா இருக்குறதைப் பாத்திருக்காங்க. அதனால டிஸ்க் வலின்னு நாம சொல்றதுல ஒரு பங்கு உண்மையில இந்த எலும்பு ஓரத்து வலி. மோடிக் 1 நிரந்தரமும் கிடையாது, காலப்போக்குல பெரும்பாலும் டைப் 2வா மாறும், சில பேருக்கு மறைஞ்சும் போகும்.

ஆன்டிபயாடிக் கதை 2013ல ஆரம்பிச்சுது. முகப்பருல இருக்குற க்யூட்டிபாக்டீரியம் ஆக்னெஸ் பாக்டீரியா டிஸ்க்குக்குள்ள போய் மோடிக் 1ஐ உண்டாக்குதுங்கிறது எண்ணம், டென்மார்க்ல 100 நாள் ஆன்டிபயாடிக் குடுத்து நல்ல பலன்னு சொன்னாங்க, உலகம் பூரா பரபரப்பாச்சு. அப்புறம் நார்வேல 180 பேரை வச்சு கவனமா திரும்ப செஞ்சாங்க, 2019ல முடிவு வந்துச்சு, சொல்லிக்கிற அளவுக்குப் பலன் இல்ல. மூணு மாசத்துக்கு மேல ஆன்டிபயாடிக் சாப்பிடுறது சாதாரண விஷயம் இல்ல, தயவுசெஞ்சு அந்தப் பக்கம் போகாதீங்க.

ஸ்டெம் செல்லைப் பத்தி நான் ஆசையோட வேலை பாக்குற ஆளுதான், ஆனாலும் சொல்றேன், விளம்பரத்தை நம்பாதீங்க. யோசிச்சுப் பாருங்க, சாப்பாடு வராம ஆசிட் தேங்கி ஏற்கெனவே இருந்த செல்லே தாக்குப் புடிக்காத இடத்துல புது செல்லைக் கொண்டு போய் விட்டா அது மட்டும் எப்படிப் பொழைக்கும்? எண்ட்ப்ளேட் வழி அடைஞ்சிருந்தா செல் கூடக் கூட இருக்குற குளுக்கோஸுக்குப் போட்டிதான் கூடும். ஆராய்ச்சி நடக்குது, நடக்கணும், ஆனா முறையான சோதனைக்கு வெளிய காசு வாங்கிட்டு ஊசி போடுறதுக்கு இன்னும் ஆதாரம் இல்ல. என்ஜிஎஃப்பைத் தடுக்குற டனெசுமாப்னு ஒரு மருந்து கூட வந்துச்சு, முதுகுவலி ஓரளவு குறைஞ்சுது, ஆனா சில பேருக்கு மூட்டு வேகமா சேதமானதால 2021ல கைவிட்டுட்டாங்க. என்ஜிஎஃப்பைத் தடுத்தா வலி குறையும்ங்கிற கணக்கு சரின்னு அது காட்டுச்சு, அதே நேரம் என்ஜிஎஃப் மூட்டுக்கு வேற ஏதோ நல்லதும் செய்யுதோன்னு ஒரு சந்தேகமும் வந்துச்சு.

பிசியோ_முகில்

பையனைத் தூக்குற கேள்வி அப்படியே நிக்குது, அதை நான் எடுத்துக்கறேன்.

1999ல ஜெர்மனில ஒரு ஆய்வாளர் குழு ஒரே ஒரு தன்னார்வலரோட எல்4-எல்5 டிஸ்க்குக்குள்ள அழுத்தம் அளக்குற கருவியை வச்சு நாள் முழுக்கப் பாத்தாங்க. படுத்தா 0.1 மெகாபாஸ்கல், நின்னா 0.5, சாஞ்சு தளர்வா உக்காந்தா அதை விடக் கம்மி. உக்கார்றது டிஸ்க்கை நசுக்கிடும்னு பழைய பேச்சு ஒண்ணு உண்டு, அது இங்க பொருந்தல. 20 கிலோவை முதுகை வளைச்சுத் தூக்குனா 2.3, முட்டியை மடக்கித் தூக்குனா 1.7. வித்தியாசம் இருக்கு, ஆனா ரெண்டுமே ஆரோக்கியமான முதுகெலும்பு தாங்குற அளவுதான், தூக்குனா உடைஞ்சு போற கணக்கு இல்ல. உங்க பையன் 20 கிலோவும் இருக்க மாட்டான்.

அதனால தூக்குங்க. உடம்போட ஒட்டி அணைச்சுத் தூக்குங்க, கைய நீட்டி தூரத்துல வச்சுத் தூக்காதீங்க, எந்திரிச்ச உடனே வேணாம், கொஞ்சம் நடமாடிட்டுத் தூக்குங்க. வலி அதிகமா இருக்குற நாள்ல உக்காந்துக்கிட்டு அவனை மடில ஏறிக்கச் சொல்லுங்க. மெத்தைலயே கெடக்குறது மட்டும் வேணாம், ரெண்டு நாளுக்கு மேல படுத்துக் கெடந்தா தசைதான் போகும். டிஸ்க் செல்லுங்களுக்கும் மிதமா ஏறி இறங்குற பாரம் வேணும், அளவுக்கு மீறுனாலும் கெடுதல், ஒண்ணுமே இல்லாம போனாலும் கெடுதல். 2017ல வந்த ஒரு ஆராய்ச்சில நாள்பட ஓடுறவங்க டிஸ்க்ல ஓடாதவங்களை விட தண்ணி அளவு நல்லா இருந்துச்சு. ஓடுனதாலதான் அப்படி ஆச்சுன்னு அதை வச்சு அடிச்சு சொல்ல முடியாது, நல்ல முதுகு உள்ளவங்கதான் ஓட வந்திருக்கலாம், ஆனா ஓடுனா டிஸ்க் தேஞ்சுடும்ங்கிற பயத்துக்கு அதுல இடமில்ல. நடையிலேருந்து ஆரம்பிங்க, பக்கத்துல ஒரு பிசியோவைப் பாத்து இடுப்பு, பிட்டம், வயித்துத் தசைக்குப் படிப்படியா பாரம் ஏத்துங்க. முதல் சில வாரம் வலி ஏறி இறங்கும், அது சேதமாகுதுன்னு அர்த்தம் இல்ல. ஒரு மணி நேரத்துக்கு ஒருக்கா எந்திரிச்சு நில்லுங்க. தூக்கத்தை சரி பண்ணுங்க, ராத்திரி பூரா முழிச்சு இந்த மாதிரி படிச்சுக்கிட்டு இருந்தா வலி உணர்வு கூடத்தான் செய்யும்.

எதுக்கெல்லாம் காத்திருக்கவே கூடாதுன்னும் சொல்லிடறேன், இது இங்க படிக்கிற எல்லாருக்கும். ஒண்ணுக்கு வராம அடைச்சுக்கிறது இல்ல கட்டுப்பாடு இல்லாம போறது, மலம் போறது தெரியாம இருக்குறது, சைக்கிள் சீட் படுற இடம் மரத்துப் போறது, ரெண்டு காலும் பலம் குறையுறது, இதுல ஒண்ணு வந்தாலும் அன்னிக்கே எமர்ஜென்சிக்குப் போங்க, மறுநாள் பாக்கலாம்னு இருக்காதீங்க. ஒரு பாதம் தூக்க முடியாம இழுத்துக்கிட்டு நடக்குற மாதிரி ஆனாலும் தள்ளிப் போடாதீங்க. காய்ச்சலோட முதுகுவலி, காரணமில்லாம எடை குறையுறது, முன்னாடி புற்றுநோய் இருந்தவங்க, கீழ விழுந்த பிறகு வந்த வலி, படுத்தாலும் குறையாம ராத்திரில கூடுற வலி, இதெல்லாம் டாக்டர்கிட்ட சீக்கிரமா காட்ட வேண்டியது. தேன்சிட்டு, நீங்க எழுதுனதுல இதுல எதுவுமே இல்ல. ஆறேழு வாரம் ஒழுங்கா பயிற்சி பண்ணிட்டு எப்படி இருக்குன்னு இங்கயே எழுதுங்க, அப்ப பயிற்சியோட அளவை எப்படி ஏத்துறதுன்னு பேசலாம்.